மஞ்சள் படிவத்தின் முதல் கேள்வி

முதல் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்ற பதினேழையும் வையாபுரி எப்போதோ முடித்துவிட்டார். அவை எல்லாம் வட்டம் போடுகிற கேள்விகள். மனைவியின் நோய்க்குப் பிறகு உங்களிடம் என்ன மாற்றம் என்று கேட்டு, பக்கத்தில் சைபரிலிருந்து ஐந்து வரை எண்கள். பொறுமை கூடியிருக்கிறதா, வட்டம். அடுத்தவர் கஷ்டம் முன்பைவிடப் புரிகிறதா, வட்டம். முதல் கேள்விக்குத்தான் எழுத வேண்டியிருந்தது, அதுவும் ஒரே ஒரு வார்த்தை. நோயின் அறிகுறி உங்களுக்கு முதன்முதலில் தெரியவந்தது எந்த மாதம்? சித்திரை என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆஸ்பத்திரி ஃபைலில் அப்படித்தான் இருக்கிறது. ஊருக்கும் உறவுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. எதிரே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, பூப்போட்ட துண்டைத் தலையில் கட்டி, வலது கையில் ஊசியும் அதற்கு மேலே தொங்குகிற பாட்டிலுமாகப் படுத்திருக்கிற தனக்கொடியும் தன்னுடைய வெள்ளைப் படிவத்தில் அதைத்தான் எழுதியிருப்பாள். நோயாளிக்கு வெள்ளை, கூட இருக்கிற புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ மஞ்சள், நர்ஸுகளுக்கு ரோஸ். ஏதோ நர்சிங் காலேஜில் ஆராய்ச்சியாம். ஒருத்தர் எழுதுவதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாதாம். காலையில் பத்து பத்துக்கு ஜெசிந்தா சிஸ்டர் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மணி ஒன்று இருபது. ஒரு வார்த்தைக்கு மூன்று மணி நேரம்.

வையாபுரிக்கு எந்த நேரமும் நிமிஷத்தோடுதான் தெரியும். துறையூர் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருஷமாக டைம் கீப்பர். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் கண்டக்டர் நீட்டுகிற சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. சரியான நேரம் என்றால் நீலப் பேனா, தாமதம் என்றால் சிவப்பு. இரண்டும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். லீவு நாளிலும் இருக்கும், இதோ இன்றைக்கும் இருக்கிறது. ரெண்டு நிமிஷந்தான சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க என்று எத்தனை பேர் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். என் வாட்சுல இன்னும் நேரம் இருக்கு சார் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். ஒரு வண்டிக்கு ரெண்டு நேரம் கெடையாதுப்பா, என் கடிகாரந்தான் நேரம் என்று இவர் சிவப்பை எடுப்பார். ஒருத்தன், பெயர்கூட மறந்துவிட்டது, பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன் சார் என்றான். அவனுக்கும் சிவப்புதான். அதில் அப்போது ஒரு பெருமை. கறாரான ஆள் என்று பின்னால் பேசிக்கொள்வது காதில் விழும்போது காபி குடித்த மாதிரி இருக்கும். பொறுமை கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு நாலில் வட்டம் போட்டிருந்தார். எதை வைத்து நாலு? மூன்று வாரத்துக்கு ஒரு தடவை காலை ஐந்து பத்து வண்டியில் அவளைத் திருச்சிக்குக் கூட்டி வந்து, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து சொட்டு விழுவதைப் பார்ப்பதை வைத்தா? அது பொறுமை இல்லை. வேறு போக்கிடம் இல்லாத அலுப்பு. இடுப்பு வலிக்கிறது. இன்றைக்கு ஆறாவது, கடைசி. இதற்குப் பிறகு ஆபரேஷன். அதற்குப் பிறகு என்ன என்று இந்த அறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

அவள் உதட்டை அசைத்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து ஸ்பூனில் வாயருகே கொண்டுபோனார். சிவப்பு மருந்து ஏறும்போது ஐஸைச் சப்பிக்கொண்டே இருந்தால் வாய் புண்ணாகாது என்று சிஸ்டர் முதல் தடவையே சொல்லியிருந்தார். அந்த மருந்துக்கு இந்த அறையில் ரோஸ்மில்க் என்று பெயர். இன்னிக்கு ரோஸ்மில்க் உண்டா சிஸ்டர் என்று கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் உள்ளே வருவார்கள். யார் வைத்த பெயரோ, வைத்தவர் இப்போது வருகிறாரோ இல்லையோ. வையாபுரிக்கு ரோஸ்மில்க்கே பிடிக்காமல் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டு கடையில் அந்தப் பாட்டில்களைப் பார்த்தாலே குமட்டும். நரம்புகளும் அப்படித்தான். தனக்கொடிக்கு நரம்பு கிடைக்காமல் ஜெசிந்தா சிஸ்டர் வெந்நீர்ப் பையை வைத்து, தட்டி, தடவி, வாடா கண்ணா என்று அதனோடு பேசி இழுப்பதை ஐந்து தடவை பார்த்து, ஜன்னலில் சீட்டு நீட்டுகிற கைகளில் எல்லாம் இப்போது அவர் நரம்பைத்தான் பார்க்கிறார். சிலருக்குப் புடைத்துக்கொண்டு பச்சையாக ஓடும். எவ்வளவு நல்ல நரம்பு, வீணாக இருக்கிறதே என்று தோன்றும். இதெல்லாம் கேட்கவில்லை படிவத்தில். ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. தெரியும். முதல் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, உப்பு எங்கங்க என்று கேட்டு அவள் சிரித்தாள். நோய் வந்தபின் அதுதான் அவள் முதல் சிரிப்பு. அதற்கு எத்தனையில் வட்டம் போடுவது?

போன வருஷம் புரட்டாசி. கிழமை ஞாபகமில்லை, நேரம் இருக்கிறது. சாயங்காலம் ஆறே முக்கால். டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வாங்கிய கையோடு பையிலிருந்து இரண்டு பேனாவையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். சிவப்பு ஒருமுறை கசிந்து சட்டை பாழானதிலிருந்து அது அவளுக்குப் பழக்கம். வைத்துவிட்டு, அலமாரியைப் பார்த்தபடியே, இந்தப் பக்கம் மாருல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதுங்க என்றாள். அலமாரியிடம் சொன்ன மாதிரி இருந்தது. வலிக்குதா என்றார். இல்ல என்றாள். வலிக்காட்டி ஒண்ணும் இருக்காது, நெறி கட்டியிருக்கும், தீபாவளி ஸ்பெஷல் முடியட்டும் போய்க் காட்டிட்டு வந்துருவோம் என்றார். தீபாவளிக்கு நூற்று நாற்பது ஸ்பெஷல் வண்டி. முடிந்தது. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வண்டிகள். பொங்கல். தைப்பூசம். பண்டிகை இல்லாத மாதம் என்று ஒன்று இருக்கிறதா இந்த நாட்டில்? தையில் ஒரு தடவை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் பெருசாயிருக்காப்ல இருக்குங்க என்றாள். ம் என்றார். அவ்வளவுதான். அந்த ம். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, வாயில் சோறு இருந்தது, ம் என்றார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. ஆனியில் கொடியில் துணி போடக் கையைத் தூக்க முடியாமல் நின்றாள். அப்போதுதான் கிளம்பினார்கள். புரட்டாசியிலிருந்து ஆனி ஒன்பது மாதம். இந்த வருஷம் தீபாவளிக்கு லீவு கேட்டார், வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக. மேலதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கேட்டால் கிடைக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்று அழுதார். அவள் கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றார்.

டாக்டர் எப்ப கவனிச்சீங்க என்றுதான் கேட்டார். சாதாரணமாக, ஃபைலில் எழுதிக்கொண்டே. கேள்வி தனக்கொடிக்குத்தான். ஆனால் வையாபுரி முந்திக்கொண்டார். ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர். வாயிலிருந்து தானாக வந்தது. அந்த ஒரு நொடி அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் இன்றுவரை படிக்க முடியவில்லை. கோபமா, இரக்கமா, இவ்வளவுதானா நீ என்பதா. பிறகு டாக்டரைப் பார்த்து, ஆமாங்க டாக்டர், சித்திரையிலேர்ந்துதான் என்றாள். மாதத்தை அவள்தான் கொடுத்தாள். ரெண்டு மாசத்துலயா இவ்வளவு என்று டாக்டர் புருவத்தைத் தூக்கிவிட்டு எழுதிக்கொண்டார். எழுதியாகிவிட்டது. எழுதியதை மாற்றக் கூடாது என்பது வையாபுரிக்குத் தெரியாதா? அன்று முதல் அந்தச் சித்திரை வளர ஆரம்பித்தது. பார்க்க வந்த நாத்தனாரிடம், சித்திரைத் தேருக்குச் சமயபுரம் போய்ட்டு வந்து குளிக்கிறப்பத்தான் பாத்தேன் என்று சொன்னாள். அடுத்து வந்தவர்களிடம் தேரில் கூட்டம் நெருக்கியதையும் சேர்த்தாள். கேட்க அவ்வளவு நிஜமாக இருந்தது. இந்த வருஷம் தேருக்குப் போகவே இல்லை, அவருக்கு ஸ்பெஷல் டூட்டி. ஆனாலும் கேட்டுக் கேட்டு, போனோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நல்ல வேளை என்று இருந்தது சில நாள். சில நாள் அவள்மேல் ஆத்திரமாக வரும். எதற்காகத் தலையை ஆட்டினாய்? பொய் சொல்றாரு டாக்டர், ஒம்பது மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன் என்று அங்கேயே போட்டு உடைத்திருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு முடிந்திருக்கும். இப்போது அவளிடமே சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரியாததா? இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றை யார் யாரிடம் சொல்வது? சொல்லாமலே ஆபரேஷன் ஆகி, சொல்லாமலே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், வாழ்நாள் முழுக்க அந்தத் தேர்க் கதையை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

இன்னொரு பயமும் இருந்தது. அதை யாரிடமும் கேட்டதில்லை. மாதத்தைத் தப்பாகச் சொன்னதால் மருந்தும் தப்பாகப் போகிறதோ? இரண்டு மாதக் கட்டிக்கு ஒரு மருந்து, ஒன்பது மாதக் கட்டிக்கு வேறு மருந்தோ? ஆறு தடவையும் சொட்டைப் பார்த்துக்கொண்டே இதைத்தான் நினைத்தார். இன்றைக்குக் கடைசி என்பதாலோ என்னவோ, ஜெசிந்தா சிஸ்டர் பாட்டில் மாற்ற வந்தபோது கேட்டுவிட்டார். குரலைத் தாழ்த்தி, யாருக்காகவோ கேட்பது போல. “சிஸ்டர், இந்த ஆரம்பிச்ச தேதி, மாசம், இதையெல்லாம் வச்சா மருந்து குடுப்பாங்க?” “இல்ல சார். பயாப்ஸி, ஸ்கேன் ரிப்போர்ட்டு, அதைப் பாத்துத்தான். நாம சொல்ற மாசத்த வச்சு யாரு குடுப்பா?” என்று சொல்லிக்கொண்டே அவர் குழாயைச் சுண்டினார். நாற்பத்தெட்டு வயசு இருக்கும் அவருக்கு. கால் வீங்கி, செருப்பின் வார் அழுந்தியிருந்தது. மஞ்சள் படிவத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் முடிக்கலையா? எனக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்க சார். இந்த வேலையால உங்க மனசு விசாலமாயிருக்கான்னு கேட்டிருக்கு. நாலு போடலாம்னுதான் பாத்தேன். அந்த நேரம் பாத்துக் கால் வலிச்சுச்சு. மூணு போட்டுட்டேன்” என்றார். “எது தோணுதோ அத எழுதுங்க. பேரெல்லாம் போட வேண்டாம், நம்பர்தான்.” போய்விட்டார். மருந்து தப்பில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மருந்துக்காக உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை என்றால், பிறகு எதற்காகச் சொல்வது? யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காலேஜில் எண்ணிக் கூட்டிப் பெருக்கித் தூக்கிப் போடப்போகிறார்கள். சித்திரை என்று எழுதினால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தயிர்சாதத்தைப் பிரித்து அவளுக்கு இரண்டு வாய் கொடுக்கலாம்.

கை சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்து முனையைத் தாளில் வைத்தபோதுதான் சிவப்பு என்று பார்த்தார். வேண்டுமென்று எடுக்கவில்லை. பழகிய கை. தாமதம் என்றால் அதற்குத்தான் போகும். மாற்றிவிடலாம், நீலம் பக்கத்திலேயே இருக்கிறது. பெண்டாட்டியைச் சேர்த்துவிட்டு வந்தேன் சார் என்றவனின் முகம் வந்தது. வியர்த்திருந்தது அந்த முகம். அவன் வாதாடவில்லை. சிவப்பில் எழுதியதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போனான். நாலு நிமிஷம் தாமதம் அவனுக்கு. அலமாரியைப் பார்த்தபடி நிற்கிற தனக்கொடியின் முதுகு வந்தது. அப்போது பின்னல் இடுப்புவரை இருந்தது. ஒரு எட்டு எடுத்துவைத்து அந்தத் தோளைத் திருப்பி, எங்கே, காட்டு என்று கேட்டிருக்கலாம். மூன்றடி தூரம்கூட இருக்காது. புரட்டாசி என்று எழுதினார். கூடவே, பழக்கத்தில், மாலை 6.45 என்றும் எழுதிக் கீழே கோடு போட்டார். எழுதினால் ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. பொறுமைக்குப் போட்ட நாலை அடித்துவிட்டு ஒன்றில் வட்டம் போட்டார்.

தனக்கொடி தயிர்சாதம் வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். மூன்றரைக்குக் கடைசிப் பாட்டிலும் முடிந்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, அதைத் தனக்கொடி அழுத்திக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா சிஸ்டர் இரண்டு படிவங்களையும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் புரட்டினார். வையாபுரி செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். “என்ன சார், ரெண்டு பேரும் வேற வேற மாசம் எழுதியிருக்கீங்க? அம்மா சித்திரைன்னு போட்டிருக்காங்க. நீங்க புரட்டாசின்னு போட்டு மணியெல்லாம் போட்டிருக்கீங்க. எது சரி?” பார்க்கக் கூடாது என்றார்களே, இப்படி ஊரறியக் கேட்கிறாரே என்று இருந்தது. குனிந்தபடியே சொன்னார். “நான் எழுதியிருக்கிறதுதான் சரி, சிஸ்டர்.” செருப்பு கையில் தட்டுப்பட்டது. “போன வருஷம் புரட்டாசி. எங்கிட்ட சொன்னா. நாந்தான் பாக்கலாம் பாக்கலாம்னு இருந்துட்டேன். டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய்.” சொல்லி முடித்தும் நிமிர முடியவில்லை. தரையில் மொசைக் கற்களை எண்ணினார்.

“சிவப்புலயா எழுதியிருக்காரு?” என்று கேட்டாள் தனக்கொடி.

“ஆமாம்மா.”

“அப்ப அதுதான் சரி. அவரு டைம் தப்பா போட மாட்டாரு.” ஐஸ் சப்பி மரத்துப்போன நாக்கு அவளுக்குச் சரியாகப் புரளவில்லை. “என்னதைக் குடுங்க சிஸ்டர். ஏங்க, அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க.” பஞ்சை இடது கட்டைவிரலால் அழுத்தியிருந்தவள், அதை அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் விரல் அழுத்தியிருந்த அதே வலது கையால் சித்திரையை அடித்துவிட்டு மெல்ல எழுதினாள். வையாபுரி நிமிர்ந்து பார்த்தார். புரட்டாசி இல்லை. ஆவணி என்று எழுதியிருந்தாள்.

“புரட்டாசியிலதான தனம் சொன்ன?”

“உங்ககிட்ட சொன்னது புரட்டாசி. எனக்குத் தெரிஞ்சது ஆவணி. கேள்வி அப்படித்தான போட்டிருக்கு.” அவள் அவரைப் பார்க்காமல் படிவத்தையே பார்த்தாள். “ஒரு மாசம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுச் சும்மாதான் இருந்தேன். பயமா இருந்துச்சுங்க. நீங்க ஸ்பெஷல் முடியட்டும்னு சொன்னப்ப, அப்பாடான்னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட நீங்க ரெண்டு மாசம்னு சொன்னப்பவும் அப்பாடான்னுதான் இருந்துச்சு.”

அந்தப் பார்வை அதுதானா? பதினேழு வாரமாக அவர் படிக்க முயன்றது. இல்லை, தன்னைத் தேற்றுவதற்காக இப்போது ஒரு மாதத்தை இவளாக எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாளா? தேர்க் கதையை அவ்வளவு அழகாகச் சொன்னவளுக்கு இது பெரிதில்லை. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. கேட்காமலே உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி வந்தது, இருபது மணி நேரம் டூட்டி பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற மாதிரி. பஞ்சை ஓரத்தில் லேசாக விலக்கிப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை.

“சார், இப்பவும் ரெண்டும் வேற வேறயாத்தான் இருக்கு” என்றார் ஜெசிந்தா சிஸ்டர். அவருக்கும் வீட்டுக்குப் போகிற நேரம். “காலேஜ்ல கேப்பாங்களே, நான் எதைச் சரின்னு சொல்ல?”

வையாபுரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது. துறையூர் வண்டி கிளம்பியிருக்கும். அடுத்தது நாலரைக்குத்தான்.

“ரெண்டும் சரிதான் சிஸ்டர்” என்றார்.